கனம் யார் தோளில்?

(திருவண்ணாமலையில் கல்லூரி மாணவர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இசையும் சாதியும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. சபாக்களைப் பற்றிப் பேசலாம், சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசலாம், கானாவைப் பற்றிப் பேசலாம். நான் ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அது தமிழ் ஆல்பம் இல்லை. பிரேசில் நாட்டு மெட்டல் குழுவான செபுல்துராவின் 'ரூட்ஸ்'. 1996இல் வந்தது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள்.

ஆனால் இந்த ஊரில் அந்த ஆல்பத்துக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள். சிலர் இந்த அறையிலேயே இருக்கிறார்கள், கறுப்பு டிசர்ட்டைப் பார்த்தாலே தெரிகிறது. தாள இசைக் கருவிகளையும் அவற்றை வாசிப்பவர்களின் உழைப்பையும் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக இந்த மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றும்போது, பறை வாசிக்கும் பெரியவர்களோடு பேசிய அதே வாரத்தில் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் வயதுள்ளவர்களோடும் பேச வேண்டியிருந்தது. அவர்கள் காதில் ஹெட்போன். அதில் ஓடியது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. சிலர் காதில் மட்டும் இந்த மாதிரி இசை. கேட்டால் கண் விரியப் பேசுகிறார்கள். கிட்டாரின் தந்தியை எவ்வளவு கீழே இறக்கியிருக்கிறார்கள், ஸ்நேர் டிரம் எப்படி அறைகிறது, எந்த இடத்தில் எல்லாம் நின்று ஒரு நொடி அமைதி வந்து மறுபடி இடிக்கிறது என்று ஒவ்வொன்றையும் சொல்கிறார்கள். "அக்கா, செம ஹெவிக்கா. செம டார்க்" என்கிறார்கள்.

இந்த உற்சாகத்தை நான் மதிக்கிறேன். முதலிலேயே அதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இயக்க மேடைகளில் இப்படிப்பட்ட இசை ரசனையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேற்கத்திய மோகம், நுகர்வுக் கலாச்சாரம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அப்படி முடிக்க முடியாது. ஒரு பையன் ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவிளக்கடியில் உட்கார்ந்து, புரியாத போர்ச்சுக்கீசிய வார்த்தைகளை அகராதியில் தேடிப் பார்த்துக் கேட்கிறான் என்றால், அவனுக்கு அதில் ஏதோ கிடைக்கிறது. என்ன கிடைக்கிறது?

இந்த ஊர் உலகத்துக்கு விற்பது அமைதி. மலையைச் சுற்றி பதினான்கு கிலோமீட்டர் பாதை, அதையொட்டி ஆசிரமங்கள். மௌனத்தைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வரட்டும். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில், இரண்டு அறை வீட்டில், ஆறு பேரோடு வளரும் பிள்ளைக்கு அமைதி என்பது வாங்க முடியாத சரக்கு. அவனிடம் எல்லோரும் "சத்தம் போடாதே, அடங்கி இரு" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் அப்படி, பேருந்தில் அப்படி, ஊருக்குள் போனால் இன்னும் அப்படி. அவனுக்கு ஒரு இசை வந்து, கோபப்படலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை என்று சொல்கிறது. இருண்ட இசை கேட்டால் மனம் இருண்டுபோகும் என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். கேட்பவர்கள் சொல்வது வேறு. கேட்டு முடித்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருக்கிறது என்கிறார்கள். அதை நான் நம்புகிறேன்.

சரி, இந்த "ஹெவி" என்ற வார்த்தைக்கு வருவோம். ரசிகர்கள் எடுத்ததற்கெல்லாம் சொல்வது அதைத்தான். இந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

அதன் வரலாற்றில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரம். 1965. டோனி அயோமி என்ற பதினேழு வயதுப் பையன் தகரம் வெட்டும் ஆலையில் வேலை பார்க்கிறான். வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். அன்றைக்கு இயந்திரம் அவனுடைய வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் வெட்டிவிடுகிறது. அவன் இடது கைப் பழக்கக்காரன், ஆகவே கிட்டார் தந்தியை அழுத்த வேண்டியது வலது கை விரல்களால்தான். இனிமேல் வாசிக்க முடியாது என்கிறார்கள். ஆலையில் மேலாளராக இருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்துப் பெயர் பெற்ற ஜிப்சி கலைஞர் ஜாங்கோ. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொள்கிறார், மேலே தோல் துண்டு ஒட்டுகிறார். மெல்லிய தந்திகளைப் போடுகிறார். பின்னர் 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்குகிறார். தளர்ந்த தந்தி விரலை அவ்வளவாக வலிக்க வைக்காது, ஒலியும் ஆழமாகிறது. அவருடைய குழுதான் பிளாக் சப்பாத். 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்ஹாமில் கடைசிக் கச்சேரி நடத்தினார்கள். பதினேழு நாளில் அவர்களுடைய பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார்.

இதை வெறும் சுவாரசியத்துக்காகச் சொல்லவில்லை. மெட்டல் ரசிகர்கள் கொண்டாடும் அந்தக் கனத்துக்குப் பின்னால் அறுபட்ட ஒரு தொழிலாளியின் விரல் இருக்கிறது. ஒரு ஒலி நமக்குக் கனமாகக் கேட்கிறது என்றால், அதை யாரோ ஒருவர் உடம்பால் சுமந்திருக்கிறார்.

இப்போது பிரேசிலுக்குப் போவோம். செபுல்துரா 1984இல் பெலோ ஹொரிசோன்டே என்ற நகரத்தில் பதின்ம வயதுப் பையன்கள் தொடங்கிய குழு. மாக்ஸ், ஈகோர் என்று இரண்டு சகோதரர்கள், அவர்களுடைய நண்பர்கள். அப்போது நாட்டில் ராணுவ ஆட்சி. 1964இல் வந்த அந்த ஆட்சி 1985இல்தான் முடிந்தது. 'ரூட்ஸ்' ஆல்பத்தில் அந்த ராணுவ ஆட்சியைத் திட்டும் பாட்டு இருக்கிறது. அமேசான் காட்டுக்காகவும் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளர்களுக்காகவும் போராடி 1988 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட சிக்கோ மென்டிஸுக்காக ஒரு பாட்டு இருக்கிறது. ஆக, அதிலுள்ள இருட்டு கற்பனைப் பேய்களின் இருட்டு இல்லை. அவர்கள் நாட்டில் நடந்தது.

ஒலியில் அவர்கள் செய்ததுதான் நமக்கு முக்கியம். ஒரு பாட்டின் தொடக்கத்தில் பெரிம்பாவ் என்ற கருவி வருகிறது. ஒரு வில், ஒரே தந்தி, ஒரு சுரைக் குடுக்கை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் மரபில் வந்த கருவி. கப்போய்ரா என்ற அவர்களுடைய ஆட்டத்துக்கு அதுதான் தாளம். பிரேசிலில் அடிமை முறை 1888இல் ஒழிக்கப்பட்டது. இரண்டே வருடத்தில், 1890இல் வந்த தண்டனைச் சட்டம் கப்போய்ராவைக் குற்றமாக்கியது. ஆளை விடுதலை செய்துவிட்டு அவனுடைய ஆட்டத்தைக் கைது செய்தார்கள். அந்தக் கருவியின் ஒலியைத்தான் இவர்கள் மெட்டல் ஆல்பத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

அடுத்து, மாட்டோ குரோசோ மாநிலத்தில் வாழும் ஷாவான்தே பழங்குடி மக்களிடம் போனார்கள். அவர்களுடைய கிராமத்துக்கே போய், அவர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய பாடலை அங்கேயே பதிவு செய்தார்கள். மெட்டல் இரைச்சலுக்குப் பின்னணியாக அதைக் கரைத்துவிடவில்லை. ஆல்பத்தில் அது தனித் தடமாக நிற்கிறது. கிட்டார் அந்த இடத்தில் அடக்கி வாசிக்கிறது. ஷாவான்தேக்கள் பாடுகிறார்கள் என்பது ஆல்பத்திலேயே பெயரோடு இருக்கிறது.

நகரத்துப் பையன்கள் காட்டுக்குப் போய்ப் பாட்டு எடுத்துவந்து உலகம் முழுக்க விற்றார்கள், அதில் லாபம் யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனாலும் அவர்கள் செய்தவற்றில் நாம் மூன்றைக் குறித்துக்கொள்ளலாம். போய்க் கேட்டார்கள், இருந்த இடத்தில் வைத்துப் பதிவு செய்தார்கள், பெயர் சொன்னார்கள். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

செபுல்துரா என்றால் போர்ச்சுக்கீசிய மொழியில் சவக்குழி. மெட்டல் முழுக்கவே சாவுச் சின்னங்கள்தான். மண்டை ஓடு, சவப்பெட்டி, எலும்புக்கூடு. நம் பையன் நெஞ்சில் "சவக்குழி" என்று எழுதிய டிசர்ட்டைப் போட்டுக்கொண்டு தேரடி வீதியில் நடக்கிறான். யாரும் அவனைத் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. அது ஸ்டைல்.

அதே தெருவில், ஒரு சாவு வீட்டுக்கு வாசித்துவிட்டுத் தோளில் பறையோடு ஒருவர் போகிறார். அவரைப் பார்க்கும் பார்வை வேறு. அவர் வாசிப்பதற்குப் பெயர் "சாவு மேளம்". அதை இசை என்று சொல்லவே நிறையப் பேருக்கு வாய் வராது. டீக்கடையில் அவர் எங்கே நிற்கலாம் என்பதைச் சில ஊர்களில் இன்றும் அந்தத் தோல்தான் முடிவு செய்கிறது. ஒருவருக்குச் சாவு டிசர்ட்டில் இருக்கிறது, வீட்டுக்குப் போனதும் கழற்றிவிடலாம். இன்னொருவருக்குச் சாவைப் பிறப்போடு கட்டிவிட்டிருக்கிறார்கள்.

பறையின் ஒலி கனம் குறைந்ததா? மெட்டல் ரசிகர்களிடம்தான் கேட்கிறேன், நீங்கள் ஒலியை அக்கு அக்காகப் பிரித்துக் கேட்பவர்கள். மரச் சட்டங்களை வளைத்து இணைத்து, புளியங்கொட்டைப் பசை போட்டு, மாட்டுத் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். வாசிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறார்கள். காயக் காயத் தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது. அதுதான் அந்தக் கருவியின் டியூனிங். ஒரு கையில் மெல்லிய மூங்கில் சிண்டுக்குச்சி, இன்னொரு கையில் தடித்த அடிக்குச்சி. ஒன்று கூர்மையான ஒலி, மற்றது வயிற்றில் இறங்கும் ஒலி. நான்கு பேர் சேர்ந்து அடித்தால் சுவர் அதிரும். ஒலிபெருக்கி, மின்சாரம் எதுவும் வேண்டாம். இதைவிட ஹெவியான ஒலியை எங்கே தேடப் போகிறீர்கள்?

தொல்காப்பியம் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் பறையைச் சேர்க்கிறது. ஆக, எல்லா நிலத்துக்கும் பறை இருந்தது. பறைதல் என்றால் சொல்லுதல். அந்தச் சொல்லிலிருந்து ஒரு மக்களின் பெயர் வந்தது. அந்தப் பெயரை ஐரோப்பியர்கள் எடுத்துப்போய் 'பரையா' என்று ஆங்கிலத்தில் சேர்த்தார்கள். ஒதுக்கப்பட்டவன் என்று அதற்கு அர்த்தம் வைத்தார்கள். இன்று ஆங்கில அகராதியைத் திறந்தால் அந்தச் சொல்லுக்கு நேரே தமிழ் என்றும் மேளம் அடிப்பவர் என்றும் போட்டிருக்கும். மெட்டல் உலகம் அந்தச் சொல்லைப் பெருமையாகச் சூடிக்கொள்கிறது. இங்கிலாந்தில் நியூகாசில் பக்கத்து மெட்டல் குழு ஒன்று 1980களின் கடைசியில் அதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அங்கே அது கலகக்காரனின் பட்டம். இங்கே அந்தப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு.

இதுவரை நான் சொன்னதைக் கேட்ட சில தோழர்கள் மனதில் ஒரு முடிவு தயாராகியிருக்கும். "அப்படியானால் மெட்டலை விடுங்கள், பறைக்குத் திரும்புங்கள்." நான் அதைச் சொல்ல வரவில்லை. அந்த முடிவோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். செங்கம் பக்கத்து ஊர்க்காரன், கல்லூரியில் படிக்கிறான். ஊரையும் கல்லூரியையும் சொல்லப்போவதில்லை. டிரம்ஸ் வாசிப்பான். மூன்று நண்பர்களோடு ஒரு குழு வைத்திருக்கிறான். ஒருவனுடைய மாமா கடைக்கு மேல் இருக்கும் அறையில் பயிற்சி. 'ரூட்ஸ்' ஆல்பத்தை அவன்தான் மற்ற மூவருக்கும் அறிமுகம் செய்தான். கல்லூரி விழாவில் வாசிக்க வாய்ப்பு வந்தது. நண்பர்களுக்கு ஒரு யோசனை. செபுல்துரா செய்தது போல நாமும் செய்யலாம். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் பறை, அப்புறம் கிட்டார் இடிக்க வேண்டும். "உங்கப்பா வாசிப்பார் இல்ல மச்சான், அவரையே கூட்டிட்டு வா." விழாவை நடத்துபவர்களுக்கும் யோசனை பிடித்துப்போனது. நம்மைப் போல முற்போக்காகப் பேசுபவர்கள் சிலரும் தட்டிக்கொடுத்தார்கள்.

அவன் முடியாது என்றான். காரணம் சொல்லவில்லை. இரண்டு நாள் கெஞ்சினார்கள். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒருவன் போட்டான்: வேரை மறந்தவன். மெட்டல் கேட்கத் தெரிகிறது, சொந்தக் கலையைச் சொல்ல வெட்கமா? அப்படிப் போட்டவன் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவன் இல்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தம்பி என்னிடம் சொன்னது இதுதான்: "அக்கா, அவங்களுக்கு அது ரெண்டு நிமிசம் இன்ட்ரோ. எங்கப்பாவுக்கு அது ராத்திரி முழுக்க. எவன் வீட்டுலயாவது சாவுன்னா நடுராத்திரி வந்து நிப்பானுங்க, எங்கப்பாவ பேரச் சொல்லிக் கூப்புட மாட்டானுங்க. நான் டிரம்ஸ் வாசிக்கிறதே அது இல்லாத ஒரு இடம் வேணும்னுதான்."

தோழர்களே, இந்த வார்த்தைகளை ஒரு முனைவர் பட்ட ஆய்வு முழுக்க எழுதினாலும் மிஞ்ச முடியாது. அவன் வேரை மறக்கவில்லை. அந்த வேரில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்தக் குழுவில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஷாவான்தே மக்களிடம் செபுல்துரா போய்க் கேட்டார்கள் என்று சொன்னேன். கேட்பது என்றால், முடியாது என்று பதில் வரவும் இடம் வைப்பது. வரும் பதில் சரி என்பதாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்றால், அதற்கு அழைப்பு என்று பெயரில்லை. நம் ஊரில் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. ஊழியம்.

மறுப்பதற்கு நம்மிடம் நீண்ட மரபு இருக்கிறது. 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் குளத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசவில்லை. செத்த மாட்டை இழுப்பதை நிறுத்துங்கள் என்றும் சொன்னார். காலங்காலமாகச் சுமத்தப்பட்ட வேலையை மறுப்பதே விடுதலையின் முதல் அடி என்று கண்டவர் அவர். நம் பக்கத்தில், தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969இல் இந்திய அரசுக்கு அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் எல்.இளையபெருமாள், காட்டுமன்னார்கோயில் பகுதியில் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லி இயக்கம் நடத்தியவர். பறையடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய சேரிகள் இந்த வட மாவட்டங்களில் உண்டு. என் தாத்தாவும் ஒருநாள் பறையைப் பரணில் ஏற்றிவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்தான். இனி யார் வாசலிலும் நின்று வாசிப்பதில்லை என்று முடிவெடுத்த மனிதர். அவரைக் கலையைக் கைவிட்டவர் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு மரபும் இருக்கிறது. அதுவும் நம்முடையதுதான். கே.ஏ.குணசேகரன் நாட்டுப்புற இசையை மேடைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொண்டுபோனார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை இடுப்பில் கட்டி நின்றார்கள். பெண்கள் தொடக் கூடாது என்று வைத்திருந்த கருவி அது. சென்னையில் மணிமாறனின் புத்தர் கலைக்குழு, சாவு வீட்டுக்கும் சாமிக்கும் போகாமல், அரசியல் மேடைக்கும் வகுப்பறைக்கும் பறையைக் கொண்டுபோனது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்தியது. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பறை இசைக் கலைஞர் என்றே அவரை அழைத்தார்கள்.

மறுத்தவர்களும் மீட்டெடுத்தவர்களும் எதிரெதிர் அணி என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இளையபெருமாள் கீழே வைக்கச் சொன்னதும் சக்தி கலைக்குழுப் பெண்கள் கையில் எடுத்ததும் ஒரே காரணத்துக்காக. வாசிப்பதா வேண்டாமா என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஊர் இல்லை. முதலில் மறுத்தவர்கள் இருந்ததால்தான், பின்னால் எடுத்தவர்களால் அதைக் கலை என்று சொல்லி எடுக்க முடிந்தது.

அதனால் ஒரு தலித் பையன் மெட்டல் டிரம்ஸ் வாசிப்பதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரு பிராமணப் பையன் கிட்டார் வாசித்தால் "ஏன் தம்பி, மிருதங்கத்துக்குத் திரும்பவில்லையா?" என்று யாரும் மறிப்பதில்லை. அந்த மிருதங்கத்துக்கும் மாட்டுத் தோல்தான், அதைச் செய்யும் கைகள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்களுடையவை. டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். வேரைக் கேட்பதென்றால் எல்லோரிடமும் கேளுங்கள். மற்றவர்களுக்கு வேர் விருப்பப் பாடம், நமக்கு மட்டும் கட்டாயப் பாடமா?

சரி, உற்சாகமான ரசிகர்கள் என்ன செய்யலாம்? என் பதில் எளிமையானது. உங்கள் காதை உள்ளூருக்கும் கொண்டுவாருங்கள்.

உங்களுக்கு செபுல்துராவின் டிரம்மர் பெயர் தெரியும். அவர் எந்த வருடம் குழுவை விட்டு விலகினார் என்பதும் தெரியும். உங்கள் ஊர்த் திருவிழாவில் வாசித்த நான்கு பேரின் பெயர் தெரியுமா? ஒலியை இவ்வளவு நேசிக்கும் ஒருவருக்கு அதை ஒலிப்பவரின் பெயர் தெரியாமல் இருக்கக் கூடாது. ஷாவான்தே என்ற பெயரை நீங்கள் தெரிந்துகொண்டது ஆல்பத்தில் பெயர் போட்டிருந்ததால்தானே?

அடுத்து, கூலி. ஊருக்கு வந்து வாசித்தவர்களிடம் பேரம் பேசி, பாதியைச் சாராயமாகவும் சோறாகவும் கழித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. கல்லூரி விழாவுக்குப் பறை வேண்டுமென்றால் ஒலிபெருக்கிக்காரருக்கும் மேடைக்காரருக்கும் கொடுப்பது போல முன்பணம் கொடுத்து, நேரம் சொல்லி, மேடையில் நாற்காலி போட்டு அழையுங்கள். "எங்க மேளக்காரர்" என்று சொல்லாமல் அவர் பெயரைச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கதவு. 2023 ஜனவரி 30 அன்று, இந்த மாவட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனார்கள். பல பத்தாண்டுகளாகச் சாத்தியிருந்த கதவு. மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் உடன் நிற்க வேண்டியிருந்தது. நம் ஊர்களில் எத்தனையோ திருவிழாக்களில் பறையின் ஒலி கருவறை வரைக்கும் போயிருக்கிறது, அடித்தவர் வாசலோடு நின்றிருக்கிறார். ஒலிக்கு இல்லாத தீட்டு ஒலிப்பவருக்கு எப்படி வந்தது? இதைக் கோயிலுக்கு மட்டும் கேட்காதீர்கள். உங்கள் குழு பயிற்சி செய்யும் அறைக்கும் கேளுங்கள். அந்த வீட்டுக்காரர் எல்லோரையும் மாடி ஏற விடுகிறாரா? ஒரு டிரம்ஸ் செட் வாங்கக் கட்டட வேலை செய்பவரின் பல மாதச் சம்பளம் ஆகும். உங்களிடம் இருந்தால் இல்லாதவனை உட்கார வையுங்கள். அதற்கு ஈடாக அவனுடைய அப்பாவைக் கேட்காதீர்கள்.

2011 அக்டோபரில் மெட்டாலிகா பெங்களூரு பாலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக ரசிகர்கள் போனார்கள். இங்கிருந்து செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் போகும் பேருந்து எல்லோருக்கும் தெரியும். அதே பேருந்தில்தான் என் தாத்தா போன்றவர்கள் சித்தாளாகவும் கொத்தனாராகவும் ஒவ்வொரு வாரமும் போய்வருகிறார்கள். ஒரே வண்டி. ஒருவர் கனத்தைக் கேட்கப் போகிறார், ஒருவர் கனத்தைச் சுமக்கப் போகிறார். இப்போது மூன்றாவது ஒருவன் ஏறியிருக்கிறான். சுமந்தவரின் பேரன், கேட்கவும் வாசிக்கவும் போகிறான். அவனுக்கு இடம் விடுவதுதான் இப்போது நம் வேலை.

அந்தத் தம்பியின் குழு விழாவில் வாசித்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். வாசித்தது, பறை இல்லாமல். அவன் டிரம்ஸில் உட்கார்ந்தான். அறிவிப்பாளர் நான்கு பேர் பெயரையும் சொன்னார். அவனுடைய அப்பா கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். அன்றைக்கு அவர் கையில் எதுவும் இல்லை.